கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நிமிடம்

அத்தியாயம் 11

பதினேழு நாளாக ஆக்கன்டன் வீட்டில் உப்புச்சாடி ஒரே கையில் மேஜையைக் கடப்பதில்லை.

"அம்மா, உப்பு அவர்கிட்ட இருக்கு. எனக்கு வேணும்னு சொல்லு."

"வில்ஃப், அவனுக்கு உப்பு வேணுமாம்."

"கேட்டுச்சு. நான் செவிடன் இல்ல. அவன்தான் ஊமை."

"நான் ஒண்ணும் ஊமை இல்லன்னு சொல்லும்மா."

"ஊமை இல்லையாம், வில்ஃப்."

நெஸ்டா கணவனின் கையிலிருந்து உப்பை வாங்கி மகனின் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை நீட்டின கைக்கு எட்டும் அகலம்தான். முட்டி முட்டியோடு இடிக்கும். இடித்தால் மட்டும் இருவரும் காலை இழுத்துக்கொள்வார்கள்.

இதைக் கோவென்ட்ரி என்ற ஊருக்கு அனுப்புவது என்பார்கள். ஆள் எங்கேயும் போகமாட்டான். அவன் இருக்கிற இடத்திலேயே இருப்பான், அவனோடு யாரும் பேசமாட்டார்கள். வில்ஃப் ஆக்கன்டனைக் கோவென்ட்ரிக்கு அனுப்பியது அவர் முப்பது வருஷத்துக்கு மேலாக உறுப்பினராயிருக்கும் டெக்னீஷியன்கள் சங்கம். மகன் ராட்னியும் அதே சங்கம், அதே தொலைக்காட்சி ஸ்டூடியோ. அப்பா மாடியில் படக் கட்டுப்பாட்டு அறையில் இன்ஜினியர். மகன் கீழே தளத்தில் கேமராவின் பின்னால் கேபிள் இழுக்கிறவன். நெஸ்டா அதே கட்டடத்தில் உடைப் பிரிவில் தையல்காரி. அவளுடைய சங்கம் வேறு. தச்சர்களும் தையல்காரர்களும் சேர்ந்தது.

1970 நவம்பரில் ஆரம்பித்த தகராறு அது. வண்ண ஒளிபரப்பு வந்தால் வேலை கூடுகிறது, அதற்குத் தனிச் சம்பளம் கொடு என்று டெக்னீஷியன்கள் கேட்டார்கள். முதலாளிகள் மாட்டோம் என்றார்கள். சரி, வேலையை நிறுத்தவில்லை, வண்ணத்தைத்தான் நிறுத்துகிறோம் என்று சங்கம் அறிவித்தது. அன்றிலிருந்து புத்தம்புது வண்ணக் கேமராக்கள் கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்கின்றன. ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையிலும் வண்ண விசையின் மேல் ஒரு டேப் ஒட்டி, கிளைத் தலைவர் பர்கிஸ் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த ஒற்றுமையில்தான் ஜனவரி முதல் வாரத்தில் ஓட்டை விழுந்தது. வில்ஃபின் அறையிலிருந்து பதிவான நாடகத்தில் ஆறு நிமிடம் வண்ணத்தில் இருந்தது. டேப் நேர்கோட்டில் வெட்டப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு மேலாளர் சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து, எல்லோர் கண்ணெதிரிலும் வில்ஃபின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அதோடு தீர்ந்தது கதை.

இன்று ஒரு மணிக்குக் கிளைக் கூட்டம். வில்ஃபின் சங்க அட்டையைப் பறிப்பதா வேண்டாமா என்று கை தூக்கப் போகிறார்கள். அட்டை போனால் இந்த ஸ்டூடியோ மட்டுமில்லை, இங்கிலாந்தில் எந்த ஸ்டூடியோவிலும் அவர் ஒரு பல்பைக்கூடத் தொட முடியாது.

"தபால் ஏதாவது?" என்றார் வில்ஃப், வழக்கம் மாறாமல்.

"தபால்காரங்களும் வேலைநிறுத்தம். அஞ்சாறு நாளா அதையேதான் கேக்கறே."

"ஆமா. மறந்துட்டேன்."

"நல்லா மறக்கறார்னு சொல்லும்மா," என்றான் ராட்னி, தட்டைப் பார்த்தபடி.

வில்ஃப் எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். கழுத்துத் துணியைச் சுற்றினார். நெஸ்டா கதவு வரை போனாள்.

"கூட்டத்துல என்ன சொல்லப் போறே?"

"மறந்துட்டேன்னுதான்."

"யாரும் நம்பல வில்ஃப்."

"நம்பவேண்டாம். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

அவர் நடந்தே போவார். பஸ்ஸில் மூன்று பேர் ஸ்டூடியோ ஆட்கள், மூவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு மைல் நடை மேல்.

---

உடைப் பிரிவில் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் ஐவியின் குரலும் எப்போதும் இருக்கும். ஐவி த்ரெட்கோல்டு நெஸ்டாவைவிடப் பத்து வயது மூத்தவள், அவர்கள் சங்கத்தின் பிரதிநிதி. ஸ்டூடியோவில் யார் தும்மினாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

"கேட்டியா கண்ணு? கம்பெனி உங்க வீட்டுக்காரருக்கு வண்ண டிவி ஒண்ணு குடுத்திருக்காம்."

"யாரு சொன்னது?"

"தச்சன் சொன்னான். பெருசாம். கதவு வச்சதாம்."

"எங்க வீட்டுல இருக்கறது தலையில தட்டினாத்தான் படம் காட்டும். வந்து பாரேன்."

"எனக்குத் தெரியாதா? நான் நம்பறேனா? ஆனா அவங்க கிளையில எம்பது பேரும் நம்பறாங்களே." ஐவி ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "மறந்துட்டேன்னா யாரு கேப்பா? டேப் கிழிஞ்சிருந்தா மறதி. இது கத்திரி வச்சு வெட்டின வெட்டு. காசு வாங்கினவன்தான் அவ்வளவு நிதானமா வெட்டுவான்கறாங்க. உன் பையன்கூட அப்படித்தான் நெனைக்கறான்."

"உங்கிட்ட சொன்னானா?"

"சொல்லணுமா? அப்பன் மாடிப்படில வந்தா அவன் சுவத்தைப் பாத்து நிக்கறானே, அது போதாதா?"

நெஸ்டா குனிந்து துணியை இழுத்தாள். அவள் கழுத்தில் நாடாவில் தொங்கிய கத்திரி மேஜை விளிம்பில் தட்டிச் சத்தம் போட்டது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

இந்தக் கத்திரிதான்.

அன்று மாலை நாலு மணி, தேநீர் இடைவேளை. நாடகத்தின் நடனக் காட்சிக்கு அவள் தைத்த பட்டுக் கவுனை மரப்பொம்மைக்கு மாட்டி மேடையில் நிறுத்தியிருந்தார்கள், விளக்கு சரிபார்க்க. மூன்று தடவை சாயம் தோய்த்து எடுத்த நிறம். கத்தரிப்பூ நிறம். தடை வருவதற்கு முன்பே, இனி எல்லாம் வண்ணம் என்று சொன்னபோது எடுத்த துணி. தடை வந்தபின் அதைக் கிடப்பில் போட மனசு வரவில்லை. வேறு எதைப் போட்டாலும் திரையில் சாம்பல்தானே என்று தைத்து முடித்தாள்.

இருபத்திரண்டு வருஷமாகச் சாம்பலுக்குத் தைத்தவள் அவள். வெள்ளைச் சட்டை கேமராவில் கண்ணைக் கூசச்செய்யும் என்று தேநீரில் முக்குவாள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறமாய்ப் போகும் என்பது அவளுக்குக் கனவிலும் தெரியும். வண்ணம் வந்த அந்தச் சில வாரங்களிலும் தளத்திலிருந்த, படம் காட்டும் பெட்டிகள் கறுப்பு வெள்ளைதான். வண்ணப் பெட்டி மாடியில். தையல்காரிக்கு மாடியில் என்ன வேலை?

அன்று சுவரிலிருந்த உள்தொலைபேசி அடித்தது. வில்ஃப்.

"நெஸ்டா, மேல வா. இங்க யாரும் இல்ல."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சாப்பிட வா என்பார். கோட்டை எடு என்பார். போனாள். அவர் கையை நீட்டினார்.

"கத்திரியக் குடு."

"என்ன பண்ணப் போறே? அது உங்க கிளையோட டேப்பு."

"ஒரே நிமிஷம்."

வெட்டினார். விசையைத் தள்ளினார். சாம்பல் பெட்டிக்குள் கத்தரிப்பூ நிறம் மெதுவாக ஊறி வந்தது, ஓரத்திலிருந்து இல்லை, எல்லா இடத்திலிருந்தும் ஒரே சமயத்தில். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒரு குமிழைத் திருகி, "தோள்பட்டைகிட்ட நீலம் கொஞ்சம் தூக்கல்," என்றார். "இப்ப சரியா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். படியில் காலடி கேட்டது. அவர் அவசரமாக டேப்பை ஒட்டினார். ஒட்டிய டேப்புக்குக் கீழே விசை வண்ணத்திலேயே நின்றது. இருவருமே பார்க்கவில்லை. இடைவேளைக்குப் பின் ஆறு நிமிடம் அப்படியே பதிவானது.

மறுநாள் விஷயம் வெடித்ததும் அவர் சொன்னார்: "நீ மேல வரவே இல்ல. புரியுதா? மறதின்னா கண்டிப்பாங்க. தெரிஞ்சு செஞ்சான்னா கார்டு போயிடும்."

அவளும் பதினேழு நாளாக மேலே வராதவளாகவே இருந்துவிட்டாள்.

---

பன்னிரண்டரைக்கு அவள் தளத்துக்குப் போனாள். ராட்னி ஒரு பொய் மாடிப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எட்டாவது படிக்கு மேல் அந்தப் படி எங்கும் போகாது.

"ராட்னி, உங்கப்பா காசு வாங்கல."

"அம்மா, வேண்டாம். இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"எனக்குக் காட்டத்தான் அந்த டேப்ப வெட்டினார்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "எதை?"

"கவுன. வண்ணத்துல எப்படி இருக்குன்னு. மேல கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் விசையத் திருப்ப மறந்துட்டார். அந்த மறதி மட்டும் நெஜம்."

ராட்னி ரொட்டியைப் படியில் வைத்தான்.

"பதினேழு நாள்மா. பதினேழு நாளா எங்கப்பன் கருங்காலின்னு நெனச்சுட்டுத் தூங்கப் போறேன் நான். நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கே, சொல்லல."

"சொல்லாதேன்னார்."

"அவர் சொன்னா?"

"உன்னையும் பேசாதேன்னாங்க, நீயும் கேட்டியே. வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலயுமா பேசாதேன்னாங்க?"

"எல்லா இடத்துலயும்னா எல்லா இடத்துலயும்தான். அவர் சொல்லிக் குடுத்ததுதான் அது. நான் கார்டு வாங்கின அன்னிக்கு ஸ்டூடியோ கேட்டுக்கு வெளியில நிறுத்தி வச்சு, 'பாதி ஒற்றுமைன்னு ஒண்ணு கிடையாதுடா'ன்னார்." குரல் உடைந்தது. அவன் அதை இருமலாக மாற்றினான். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"எனக்கு உங்க கூட்டத்துல இடம் இல்ல. உனக்கு இருக்கு."

"நான் எழுந்து சொன்னா, தெரிஞ்சேதான் வெட்டினார்னு ஆயிடும். கார்டு போனாலும் போகும்."

"இப்ப மட்டும் தப்பிக்கவா போகுது? போறதுன்னா காசுக்கு வித்தவன்னு போகவேண்டாம். செஞ்சதுக்குப் போகட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான். "பொண்டாட்டிக்குக் கவுன் காட்டினார்னு எம்பது ஆம்பளைங்க முன்னாடி... சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்."

---

காட்சிப் பலகைகள் அடுக்கும் கொட்டகையில் கூட்டம். ஒன்று ஐந்துக்குக் கதவு சாத்தினார்கள். நெஸ்டா உடைப் பிரிவில் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். இடம் தப்பித் தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள்.

ஒன்று நாற்பதுக்கு ஒரு கேமராக்காரர் வந்து வாசலில் நின்றார். தொப்பியை எடுத்தார்.

"திருமதி ஆக்கன்டன், தலைவர் உங்கள ஒரு நிமிஷம் வரச் சொல்றார்."

"அவ உங்க சங்கம் இல்ல!" என்றாள் ஐவி. "உங்க கூட்டத்துக்கு எங்க ஆளக் கூப்பிட என்ன உரிமை? நெஸ்டா, நீ போகாதே. போனா நான் நம்ம கிளைக்கு எழுதியாகணும், சொல்லிட்டேன்."

"எழுதிக்கோ ஐவி."

"வேற சங்கத்து ஆளுங்க தொடக்கூடாத அவங்க கருவியத் தொட்டியா நீ? அந்தக் கேள்வி வந்தா நான் உனக்காகப் பேச முடியாது கண்ணு."

நெஸ்டா போனாள்.

கொட்டகையில் குளிர். ஒரு கோயில் மண்டபத்தின் பாதியும் ஒரு கப்பலின் மூக்கும் சாய்ந்து நின்றன. அவற்றின் முன்னால் எண்பது ஆண்கள், கோட்டோடு. வில்ஃப் தனி நாற்காலியில். இரண்டு பக்கமும் காலி. ராட்னி நாலாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தான், காது வரை சிவந்து.

பர்கிஸ் குள்ளமான மனுஷர், பேச்சு நிதானம். சங்க வழக்கப்படி உறுப்பினர் எல்லோரும் அவருக்குச் சகோதரர்.

"திருமதி ஆக்கன்டன், நீங்க எங்க உறுப்பினர் இல்ல. பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. விஷயம் இதுதான். சகோதரர் ராட்னி எழுந்து, டேப்ப வெட்டினப்ப நீங்க அந்த ரூம்ல இருந்தீங்க, உங்களுக்குக் காட்டத்தான் வெட்டினார்னார். சகோதரர் வில்ஃபிரட் எழுந்து, அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, என்னக் காப்பாத்தப் பையன் பொய் சொல்றான்னார்."

நெஸ்டா கணவனைப் பார்த்தாள். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்கவே இல்லன்னா சொன்னார்?"

"அப்படித்தான் சொன்னார். நீங்க இருந்தீங்களா?"

கொட்டகையில் யாரோ இருமினார்கள். யாரோ அவனை அடக்கினார்கள்.

"இருந்தேன்."

"எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"என் கவுனப் பாக்க."

சிரிப்பு ஓடியது. "நீங்க தச்ச கவுன் என்ன நிறம்னு உங்களுக்கே தெரியாதா?"

"கையில இருந்தாத் தெரியும். உங்க பெட்டில எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷமா நான் தச்சது எல்லாம் சாம்பலாத்தான் வெளிய போச்சு. உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு நாளாவது, வாம்மா, வந்து பாருன்னீங்களா?"

சிரிப்பு நின்றது.

"டேப்ப வெட்டினது யாரு?" என்றார் பர்கிஸ்.

"கத்திரி என்னுது. கை அவருது."

"காசு ஏதாவது..."

"காசா? அவருக்குக் கையக் குடுத்தவர்கிட்ட கேளுங்க. ஒரு கைகுலுக்கல்தான் கெடச்சது. அதையும் அவர் கேக்கல."

பர்கிஸ் குனிந்து எதையோ எழுதினார். நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் இரக்கமில்லாதவர் இல்லை. ஒரு கதவைத் திறந்து வைக்கிறார் என்பது அவளுக்கே புரிந்தது.

"கடைசியா ஒண்ணு. யோசிச்சுச் சொல்லுங்க. காட்டுன்னு நீங்கதான் கேட்டீங்களா? பொண்டாட்டி நச்சரிச்சு ஒருத்தர் தப்புப் பண்ணினா அது ஒரு மாதிரி. அவராவே தடைய உடைச்சா அது வேற."

ராட்னி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஆமான்னு சொல்லும்மா என்றது அந்தத் தலை. வில்ஃபும் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல," என்றாள் நெஸ்டா. "நான் கேக்கல. அவர்தான் என்னக் கூப்பிட்டார்."

---

விசாரிக்கப்படுகிறவர் வாக்கெடுப்பின்போது உள்ளே இருக்கக்கூடாது. வெளியாளும் இருக்கக்கூடாது. இருவரையும் சேர்த்தே வெளியே அனுப்பினார்கள். நீள நடைக்கூடம். ஓரத்தில் ஒரு தீயணைப்பு வாளி. அவர்கள் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

உள்ளே பர்கிஸின் குரல் அட்டையைப் பறிக்கும் தீர்மானத்தைப் படித்தது.

"பையன எல்லார் முன்னாடியும் பொய்யன்னுட்டே," என்றாள்.

"உன் பேரு இதுல வரக்கூடாதுன்னு பாத்தேன்."

"என் பேருக்காகவா?"

வில்ஃப் தீயணைப்பு வாளியைப் பார்த்தார். "சங்கத்துல முப்பத்தொம்போதுல சேந்தேன்," என்றார். "குண்டு விழுந்த காலத்துலகூட ஒரு கூட்டம் விட்டதில்ல. காசு வாங்கிட்டான்னு சொன்னா, அது பொய்னு எனக்குத் தெரியும், நிமிந்து நிக்கலாம். ஒரு கவுனுக்காக வெட்டினான்னா... அது நெஜம். அத வச்சுக்கிட்டு நான் எப்படி அங்க நிக்கறது?"

"அவ்வளவு வெக்கமா இருந்துச்சா அது?"

"நெஸ்டா, அப்படிச் சொல்லல நான்."

"எனக்கு அது வெக்கமா இல்ல."

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. "ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க," என்றது பர்கிஸின் குரல். பிறகு எண்ணிக்கை. ஒரே சீரான முணுமுணுப்பு. அதில் ஒரு கை ராட்னியுடையது. தூக்கியிருக்கிறதா, மடியில் கிடக்கிறதா, இருவருக்கும் தெரியாது.

"நான்தான் கேட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார் வில்ஃப். "அந்தாளே எடுத்துக் குடுத்தாரு. கார்டு தப்பிச்சிருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அப்படிச் சொன்னா, அன்னிக்கு நீ என்னக் கூப்பிடவே இல்லன்னு ஆயிடும் வில்ஃப்."

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்தார். நடைக்கூடத்தின் விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.

உள்ளே எண்ணிக்கை நாற்பதைத் தொட்டு நின்றது, சரிபாதி. ஒரு சலசலப்பு. பிறகு பர்கிஸ், இம்முறை உரக்க:

"யாரும் கைய இறக்காதீங்க. மொதல்லேருந்து எண்ணணும்."